விலை போகாத மலை ஆப்பிளில் குட்டி பப்ஸ்

கொடைக்கானல் மலையிலும் நீலகிரியிலும் காய்கறித் தோட்டத்தின் ஓரத்தில் பத்து, இருபது ஆப்பிள் மரங்கள் வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கு ஆண்டுதோறும் வரும் கவலை ஒன்றுதான். மரம் காய்க்கிறது, பழம் விலை போவதில்லை. கூடையில் கொண்டுபோய் வைத்தால் வாங்க வருபவர் ஒரு பழத்தை எடுத்துப் புரட்டிப் பார்க்கிறார். அளவில் சிறியது, ஒரு பக்கம் பச்சை, தோலில் சொரசொரப்பு. கடித்தால் புளிப்பு. பக்கத்துக் கடையில் சிம்லா ஆப்பிள் சிவக்கச் சிவக்க அடுக்கியிருக்கிறது. அவர் அங்கே போய்விடுகிறார்.

ஆப்பிள் குளிரைக் கணக்குப் பார்த்துக் காய்க்கும் மரம். இமாசலப் பிரதேசத்திலும் காஷ்மீரிலும் விளையும் பெயர்பெற்ற ரகங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏறக்குறைய 800 முதல் 1,200 மணி நேரக் குளிர் வேண்டும். அந்தக் குளிர் கிடைத்தால்தான் மொட்டுகள் ஒரே சமயத்தில் விழித்துப் பூக்கும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் கூட அவ்வளவு நீண்ட குளிர் இல்லை. ஆகவே குறைந்த குளிரில் காய்க்கக் கூடிய ரகங்களைத் தேடி எடுத்துத்தான் இங்கே நட வேண்டியிருந்தது. கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கே.கே.எல். 1 என்னும் ரகம் பார்லின்ஸ் பியூட்டியிலிருந்து வந்தது. பின்பருவத்துக்கு ரோம் பியூட்டி என்னும் ரகம் இருக்கிறது. ஒரு மரம் ஆண்டுக்கு 10 முதல் 20 கிலோ வரை காய்க்கும். இது வடநாட்டு மரங்களோடு போட்டி போடும் விளைச்சல் அல்ல. நிறத்திலும் அளவிலும் போட்டி போட முடியாது. ஜூலை மாதம் தொடங்கி இமாசலப் பழமும், அதன் பின்னால் காஷ்மீர்ப் பழமும் லாரி லாரியாக இறங்கும்போது மலை ஆப்பிளை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை.

ஆனால் அடுப்பில் ஏற்றிவிட்டால் நிலைமை தலைகீழாக மாறுகிறது. பேக்கரியில் கிடைக்கும் ஆயத்த மாவோடு இந்தப் புளிப்பு ஆப்பிளைச் சேர்த்தால், ஒரே வாயில் போட்டுக் கொள்ளும் அளவுள்ள சூடான இனிப்புப் பப்ஸ் ஆகிவிடும்.  சுற்றுலாப் பயணிகள் நடமாடும் சாலையோரத்தில் தோட்டம் இருப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்கலாம்.

புளிப்புக்கு மதிப்பு

வெளிநாடுகளில் தின்னும் ஆப்பிள் வேறு, சமைக்கும் ஆப்பிள் வேறு. இங்கிலாந்தில் பிராம்லி என்று ஓர் ஆப்பிள் உண்டு. நாட்டிங்காம்ஷயரில் சவுத்வெல் என்னும் ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்போர்டு என்ற பெண் 1809-ஆம் ஆண்டு ஊன்றிய விதையிலிருந்து முளைத்த மரம் அது. பின்னர் அந்த வீட்டை வாங்கிய கசாப்புக் கடைக்காரர் மாத்யூ பிராம்லியின் பெயர் பழத்துக்கு நிலைத்துவிட்டது. பச்சையாகத் தின்றால் பல் கூசும் அளவுக்குப் புளிப்பு. அப்படியும் இங்கிலாந்து மக்கள் தலைமுறை தலைமுறையாக அதைத் தேடி வாங்குகிறார்கள். காரணம், வேக வைத்துச் சர்க்கரை சேர்க்கும்போது புளிப்பு இருந்தால்தான் ருசி நிற்கும். இனிப்பு ஆப்பிளை வேக வைத்தால் வெறும் சர்க்கரைப் பாகாகத் தித்திக்குமே தவிர, ஆப்பிள் தின்ற உணர்வு இராது. மாங்காய்ப் பச்சடிக்கு யாரும் மல்கோவா தேடுவதில்லை அல்லவா?

நம் மலைகளில் நிற்கும் ரோம் பியூட்டியின் கதை இன்னும் பொருத்தமானது. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் ரோம் என்ற ஊர்ப்பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்ட ரகம் அது. பச்சையாகத் தின்றால் சப்பென்று இருக்கும் என்பது அந்த நாட்டாரே சொல்வது. ஆனால் ஓவனில் வெந்த பிறகும் துண்டு குழையாமல் உருவம் நிற்கும். ருசியும் வேகும்போதுதான் கூடும். அதனால் அங்கே அதற்குச் சுடுகிற ஆப்பிள் என்றே பெயர். இங்கே அதைச் சிம்லா ஆப்பிளுக்கு அருகில் பழமாக வைத்து விற்கப் பார்க்கிறோம். விற்காமல் போனதில் வியப்பில்லை.

மாவு எங்கிருந்து?

இந்தப் பலகாரத்தில் கடினமான பகுதி மாவுதான். அடுக்கடுக்காக உரிந்து வரும் பப்ஸ் மாவை வீட்டில் செய்வதற்கு மைதாவைப் பிசைந்து, கொழுப்பை உள்ளே வைத்து மடித்து, தேய்த்து, ஆற வைத்து, மறுபடி மடித்து என்று அரை நாள் போய்விடும். தோட்டத்திலும் வேலை பார்த்துக் கொண்டு இதைச் செய்வது நடவாத காரியம்.

அமெரிக்கக் குடும்பங்களுக்கும் இதே சங்கடம் இருந்தது. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் பேக்கரி வைத்திருந்த லைவ்லி வில்லோபி என்பவர் பிசைந்து வெட்டிய மாவைக் காகித அட்டைக் குழாயில் அடைத்து, குளிரில் வைத்து விற்கும் முறையைக் கண்டுபிடித்து 1931-இல் காப்புரிமை பெற்றார். அந்தத் தொழில் கை மாறி 1951-இல் பில்ஸ்பரி என்னும் மாவுக் கம்பெனியிடம் சேர்ந்தது. பிறை வடிவில் சுருட்டும் மாவை அந்தக் கம்பெனி 1965-இல் குழாயில் அடைத்து விற்கத் தொடங்கியது. குழாயைத் திறந்து, முக்கோணமாக வெட்டியிருக்கும் மாவில் ஓர் ஆப்பிள் கீற்றை வைத்துச் சுருட்டி ஓவனில் வைத்தால் கால் மணியில் பலகாரம். அந்த நாட்டில் சமையலறைக்குப் புதிதாக வந்தவர்கள் கூடச் செய்யும் பண்டம் இது.

குழாய் மாவை இங்கே தேட வேண்டியதில்லை. முட்டை பப்ஸும் காய்கறிப் பப்ஸும் போடும் பேக்கரி எந்தச் சிறு ஊரிலும் இருக்கிறது. விடியற்காலையில் அங்கே பப்ஸ் மாவு தேய்த்துக் கொண்டிருப்பார்கள். முதல் நாளே சொல்லி வைத்தால், தேய்த்த மாவைக் கிலோக் கணக்கில் தருவார்கள். பெரிய ஊர்க் கடைகளில் குளிர்ப்பெட்டியில் உறைந்த பப்ஸ் தாள் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. அதன் விலை பேக்கரி மாவை விட அதிகம். ஓவன் இல்லாதவர்களுக்குச் சமோசா பட்டி இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லப்படுகிறது.

பேக்கரிக்காரரிடம் மாவு வாங்கும்போது இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். மாவு என்று தேய்த்தது? என்ன கொழுப்பு போட்டிருக்கிறது? தேய்த்து இரண்டு நாளுக்கு மேல் வெளியே கிடந்த மாவு புளித்த வாடை அடிக்கும், அடுக்கு எழும்பாது. கொழுப்பைப் பொறுத்தவரை, இதயத்துக்குக் கேடு செய்யும் டிரான்ஸ் கொழுப்பு எண்ணெய், வனஸ்பதி, மார்கரின் முதலியவற்றில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. பெயர் தெரியாத டின்னிலிருந்து கொழுப்பு எடுக்கும் பேக்கரியில் மாவு வாங்க வேண்டாம். தின்று கெட்டுப் போனால் பெயர் கெடுவது மாவு கொடுத்தவருக்கு அல்ல, விற்றவருக்குத்தான்.

வெண்ணெயோ மார்கரினோ எது போட்டாலும் பப்ஸ் மாவுக்கு எதிரி வெப்பம். மாவு அடுக்குகளுக்கு இடையே கொழுப்பு கெட்டியாக இருக்க வேண்டும். ஓவன் சூட்டில் மாவிலுள்ள ஈரம் ஆவியாகி அடுக்கைத் தூக்கும். கொழுப்பு உருகி அடுக்கு ஒட்டாமல் காக்கும். ஓவனுக்குப் போகும் முன்பே கொழுப்பு இளகிவிட்டால் மாவோடு கலந்து, பப்ஸ் எழும்பாமல் எண்ணெய் வடியும் ரொட்டியாகிவிடும். மதுரை, திண்டுக்கல் வெயிலில் இந்த வேலை செய்பவர்கள் பனிக்கட்டியோடு மல்லுக்கட்டுகிறார்கள். மலை வீட்டுச் சமையலறைக்கு அந்தத் தொல்லை இல்லை. மேசை தானே சில்லென்று இருக்கிறது. கீழ்நாட்டு பேக்கரிக்காரர் காசு கொடுத்து வாங்கும் குளிர் இங்கே இனாம்.

எந்தப் பழம் ஆகும், எது ஆகாது

விலை போகாத பழம் என்றால் கெட்ட பழம் என்று பொருள் அல்ல. இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். அளவு சிறுத்தது, நிறம் ஏறாதது, ஆலங்கட்டி மழையில் தோல் வடுப்பட்டு ஆறியது, செதில் பூச்சி தோலில் மட்டும் புள்ளி வைத்தது, கோணலாக வளர்ந்தது ஆகியவை எல்லாம் சமையலுக்கு நன்றாக ஆகும். தோல் சீவியதும் குறை தெரியாது.

காற்றில் உதிர்ந்து தரையில் கிடந்த பழம் வேறு விஷயம். அன்று காலை உதிர்ந்து, அடிபடாமல் கெட்டியாக இருந்தால் எடுக்கலாம். அடிபட்டு நைந்த பழத்திலும், ஈரத்தில் இரண்டு நாள் கிடந்த பழத்திலும் நீலப் பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணம் பாட்டுலின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. வேக வைத்தாலும் அந்த நஞ்சு முறிவதில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆப்பிள் சாற்றில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று சர்வதேச உணவுத் தர விதியே இருக்கிறது. அழுகிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துக் கொள்ளும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. விற்பனைக்குச் செய்யும்போது அது கூடவே கூடாது. பூசணம் கண்ட பழம் முழுவதும் எருக்குழிக்குத்தான்.

மருந்து தெளித்த மரத்துப் பழமானால், அந்த மருந்துக்குச் சொல்லப்பட்ட காத்திருப்பு நாட்கள் கழிந்திருக்க வேண்டும். வேக வைக்கப் போகிறோம், தோல் சீவப் போகிறோம் என்பதற்காக நாள் குறைக்கக் கூடாது.

செய்முறை

1 கிலோ சிறு ஆப்பிளுக்குப் பத்துப் பழம் அளவில் நிற்கும். கழுவி, தோல் சீவி, விதையறையை நீக்கினால் சுமார் முக்கால் கிலோ சதை மிஞ்சும். சிறிய பழத்தில் கழிவு சற்று அதிகமாகத்தான் இருக்கும். சதையைச் சுண்டைக்காய் அளவில் பொடியாக நறுக்க வேண்டும். நறுக்க நறுக்கக் கருத்துப் போகும். 1 லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து, துண்டுகளை அதில் போட்டு வந்தால் கருக்காது. பத்து நிமிடத்துக்கு மேல் ஊற விடாமல் எடுத்து, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசி வடிகட்டிக் கொள்ளலாம்.

அகன்ற வாணலியில் ஒரு தேக்கரண்டி வெண்ணெய் அல்லது நெய் விட்டு, ஆப்பிளைப் போட்டு மூடாமல் வதக்க வேண்டும். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால், கீழே எட்டு நிமிடத்தில் வேகும் துண்டு இங்கே வேகக் கூடச் சில நிமிடங்கள் பிடிக்கும். அமெரிக்க முறைப்படி பச்சைக் கீற்றை அப்படியே மாவில் சுற்றினால் மலை ஆப்பிள் நடுவில் கறுக்கென்று நின்றுவிடுகிறது. அதனால்தான் முதலில் வதக்குவது. விரலால் நசுக்கினால் வெளியே மெத்தென்றும் நடுவில் சற்றே கெட்டியாகவும் இருக்கும் பதம் வேண்டும்.

இந்தப் பதம் வந்த பிறகுதான் சர்க்கரை. முக்கால் கிலோ சதைக்கு 100 கிராம் போதும். பழம் மிகவும் புளித்தால் 125 கிராம். முதலிலேயே சர்க்கரை போட்டால் பழம் தண்ணீர் விட்டுக்கொண்டு, துண்டு வேகாமல் பாகில் மிதக்கும். நாட்டுச் சர்க்கரையும் போடலாம். நிறம் கருத்தாலும் மணம் நன்றாக இருக்கும். ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி லவங்கப்பட்டைத் தூள். பட்டைக்குப் பதிலாக ஏலக்காய் போட்டால் நம் ஊர் நாக்குக்கு இன்னும் பிடிக்கும். கீழ்ப் பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கத்தில் ஏலக்காய் விளைகிறபோது வேறு வாசனையைத் தேடுவானேன்? நீர் வற்றி, கரண்டியை இழுத்தால் வாணலியின் அடி தெரிய வேண்டும். அப்போது இறக்கி, முழுவதும் ஆற விட வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் கூட மாவிலுள்ள கொழுப்பு இளகிவிடும்.

தேய்த்த பப்ஸ் மாவு சுமார் 3 மில்லிமீட்டர் கனத்தில் இருக்கட்டும். அதை 6 சென்டிமீட்டர் சதுரங்களாகக் கூர்மையான கத்தியால் ஒரே அழுத்தில் வெட்ட வேண்டும். மழுங்கிய கத்தியால் இழுத்து இழுத்து வெட்டினால் விளிம்பில் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு எழும்பாது. 1 கிலோ மாவில் ஏறக்குறைய 80 சதுரம் கிடைக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிட்டிகை ரஸ்க் தூள் தூவி, அதன் மேல் இரண்டு சிறு தேக்கரண்டிப் பூரணம் வைக்க வேண்டும். ரஸ்க் தூள் பழச்சாற்றைக் குடித்துக் கொள்ளும். அடிமாவு சொதசொதவென்று போகாது. ஆஸ்திரியா நாட்டில் ஆப்பிள் சுருள் ரொட்டி செய்பவர்களும் ரொட்டித் தூளை இதற்காகத்தான் போடுகிறார்கள். மாவு வாங்கும் பேக்கரியிலேயே உடைந்த ரஸ்க் மலிவாகக் கிடைக்கும்.

பிறகு இரண்டு எதிர் மூலைகளை நடுவில் கொண்டுவந்து, தண்ணீர் தொட்டு ஒன்றன் மேல் ஒன்றாக அழுத்திவிட்டால் போதும். பக்கங்கள் திறந்திருப்பதால் ஆவி போக வழி இருக்கும். முழுதாக மூடினால் மேலே கத்தி முனையால் ஒரு கீறல் போட வேண்டும். இல்லாவிட்டால் வெடித்துப் பூரணம் வெளியே கொட்டும். மேலே பால் தடவி ஓவனில் வைக்கலாம். முட்டை தடவினால் பளபளப்பு கூடும். ஆனால் சைவம் என்று கேட்டு வாங்குபவர்களிடம் அதை மறைக்கக் கூடாது.

ஓவன் முன்பே 200 டிகிரி செல்சியஸ் சூடேறி இருக்க வேண்டும். சூடு ஏறாத ஓவனில் வைப்பதுதான் புதிதாகச் செய்பவர்களின் வழக்கமான பிழை. மாவு எழும்பும் முன்பே கொழுப்பு வழிந்து தட்டில் தேங்கிவிடும். 15 முதல் 18 நிமிடத்தில் மேலே பொன்னிறமாகும். அடியைத் திருப்பிப் பார்த்து, அடியும் சிவந்த பிறகே எடுக்க வேண்டும். எடுத்ததும் வாயில் போட்டுக் கொள்ளக் கூடாது. மேல் மாவு ஆறினாலும் உள்ளே இருக்கும் பூரணம் நாக்கைச் சுட்டுவிடும். குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது இதைச் சொல்லியே கொடுக்க வேண்டும்.

ஓவன் இல்லாவிட்டால்

பேக்கரிகளில் காலை ரொட்டி எடுத்த பிறகு அடுப்பில் சூடு நிற்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டில் கலக்கிய கேக் மாவைப் பேக்கரியில் கொடுத்து வேக வைத்து வாங்குவது சில ஊர்களில் உண்டு. அதைப்போலச் சிறு கூலி பேசி, தட்டுகளை அங்கேயே வேக வைத்துக் கொள்ளலாம்.

மற்றொரு வழி சமோசா பட்டி. பட்டியின் ஒரு முனையில் ஒரு தேக்கரண்டிப் பூரணம் வைத்து, முக்கோணமாக மடித்து, கடைசி நுனியை மைதாப் பசையால் ஒட்ட வேண்டும். நடுத்தரச் சூட்டில் எண்ணெயில் பொரித்தால் குட்டிச் சமோசா. இதற்குப் பூரணம் இன்னும் கெட்டியாக வற்றியிருக்க வேண்டும். துளி ஈரம் எண்ணெயில் இறங்கினாலும் தெறிக்கும். மூலைகளில் ஓட்டை இல்லாமல் மடிப்பதும் முக்கியம். பட்டியை ஈரத்துணியால் மூடி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுக்காவிட்டால் காய்ந்து முறியும். பப்ஸை விட இது செலவு குறைவு; ஆனால் ஆறினால் எண்ணெய் வாடை முன்னே நிற்கும். சூடாக விற்க வழி இருந்தால் மட்டும் செய்யலாம்.

வரவு செலவு

80 பப்ஸுக்கு ஆப்பிள் 1 கிலோ, மாவு 1 கிலோ, சர்க்கரை 100 கிராம். வீட்டு ஓவனில் ஒரு தட்டில் 16 முதல் 20 வரைதான் வைக்க முடியும். ஆகவே நாலைந்து தட்டு, ஒன்றரை மணி நேரம், மின்சாரம் சுமார் 2 யூனிட். நறுக்குவது, வதக்குவது, மடிப்பது எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஏறக்குறைய மூன்று மணி நேர வேலை. அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பார்த்தால் ஒன்று விளங்கும். இந்தப் பலகாரத்தில் ஆப்பிளை விடப் பெரிய செலவு மாவுதான். பழம் இனாமாகக் கிடைத்தாலும் பப்ஸ் இனாமாகிவிடாது.

வீட்டுப் பெண்கள் செய்கிறார்கள் என்பதற்காக அந்த மூன்று மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது சரியல்ல. வெளியே களை எடுக்கப் போனால் கிடைக்கும் கூலியைச் செலவில் எழுதிய பிறகு மிஞ்சுவதுதான் லாபம். நல்ல நிறத்தோடும் அளவோடும் வந்த பழத்தைப் பழமாகவே விற்பது நல்லது. அதை வெட்டிப் பப்ஸுக்குள் வைப்பது நஷ்டம்.

அளவையும் பார்க்க வேண்டும். 20 மரத்தில் 300 கிலோ காய்த்து, அதில் மூன்றில் ஒரு பங்கு விலை போகாமல் நின்றால் 100 கிலோ. அத்தனையும் பப்ஸ் ஆனால் 8,000. எந்தக் குடும்பமும் ஒரு பருவத்தில் அவ்வளவு செய்து விற்க முடியாது. இங்கேதான் வேறொரு வழி கைகொடுக்கிறது. பூரணத்தை மட்டும் செய்து பேக்கரிக்கு விற்பதே அது. பேக்கரிக்காரரிடம் மாவு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, வாடிக்கையாளர் இருக்கிறார்கள். இல்லாதது ஆப்பிளைச் சீவி நறுக்கி வதக்குவதற்கு ஆள்தான். விவசாயி மாவுக்குக் காசு போட வேண்டாம். விற்காத பப்ஸ் தன் தலையில் விழும் என்ற பயமும் வேண்டாம். முதல் முறை அரை கிலோப் பூரணத்தை மாதிரியாகக் கொடுத்து, அந்தப் பேக்கரியின் மாவிலேயே போடச் சொல்லி ருசி பார்க்க வைப்பது நல்ல தொடக்கம். மூடிய பாத்திரத்தில் குளிர்ப்பெட்டியில் வைத்தால் பூரணம் மூன்று நாள் கெடாது. உறைய வைத்தால் மாதக் கணக்கில் நிற்கும். பழம் ஒரு பருவத்திலும், பயணிகள் கூட்டம் இன்னொரு பருவத்திலும் வருகிற மலை ஊர்களுக்கு இது பெரிய வசதி.

தாமே சாலையோரத்தில் விற்க விரும்புவோர் மொத்தத்தையும் காலையிலேயே சுட்டு வைக்கக் கூடாது. மடித்த பப்ஸை வேக வைக்காமல் தட்டோடு உறைய வைத்து, பிறகு டப்பாவில் அடுக்கிக் கொள்ளலாம். கேட்பவர் வரும்போது ஒரு தட்டை மட்டும் எடுத்து, உறைந்த நிலையிலேயே ஓவனில் வைத்தால் மூன்று, நான்கு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். விற்காததற்கு மாவுச் செலவு வீணாகாது. வெந்த பப்ஸ் அன்றன்றைக்கே தீர வேண்டும். மலையின் ஈரக் காற்றில் மறுநாள் நமத்துப் போகும்.

வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து கொள்வது கட்டாயம். சிறிய அளவில் செய்பவர்களுக்கு உரிமம் வேண்டாம், பதிவே போதும், கட்டணமும் குறைவு. இதற்கென்று தரகரிடம் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. மலைகளில் சோதனையும் கடுமை. காகிதப் பையோ பாக்குமட்டைத் தட்டோ வைத்துக் கொள்ளலாம். பப்ஸைச் சூட்டோடு மூடிக் கட்டினால் வியர்த்து நனைந்துவிடும் என்பதால் காகிதம்தான் பொருத்தமும் கூட.

தோலும் விதையறையும்

1 கிலோவுக்குக் கால் கிலோ கழிவு என்றால் 100 கிலோவில் 25 கிலோ. புளிப்பு ஆப்பிளின் தோலிலும் நடுப்பகுதியிலும் பெக்டின் என்னும் சத்து நிறைய இருக்கிறது. ஜாம் உறைவது அதனால்தான். பூச்சி, அழுகல் இல்லாத தோலையும் நடுப்பகுதியையும் விதை நீக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் அரை மணி வேக வைத்துத் துணியில் வடிகட்டினால் பிசுபிசுப்பான சாறு கிடைக்கும். கொய்யா, பிளம்ஸ், பேரிக்காய் ஜாம் இறுகாமல் தண்ணீராக நிற்கும்போது இந்தச் சாற்றைச் சேர்த்துக் காய்ச்சினால் இறுகும். குன்னூரில் தோட்டக்கலைத் துறை நடத்தும் பழம் பதனிடும் நிலையத்தில் மலைப் பழங்களில் ஜாம் செய்யும் முறையை நேரில் பார்க்கலாம். அந்தந்த மாவட்ட வேளாண் அறிவியல் நிலையங்களில் மனையியல் பிரிவினரிடம் பயிற்சி பற்றிக் கேட்கலாம்.

மிச்சத் தோலை மாட்டுக்கு வைக்கலாம். பசு விரும்பித் தின்னும். ஒரே நாளில் கூடைக் கணக்கில் கொட்டினால் வயிறு புளித்து அசை போடுவதை நிறுத்திவிடும் என்பதால், வைக்கோலோடு கலந்து ஒன்றிரண்டு கிலோ அளவில் பழக்க வேண்டும். கழித்த சிறு ஆப்பிளை முழுதாக மட்டும் ஒருபோதும் போடக் கூடாது. மாடு மெல்லாமல் விழுங்கி, தொண்டையில் அடைத்துக் கொண்டு வயிறு உப்பிவிடும். நாலாக வெட்டிப் போட வேண்டும்.